முதலிலேயே சொல்ல வேண்டியது

அவள் எழுதிய கணினி நிரலை அவன் மறுபடியும் திருப்பி அனுப்பியிருந்தான்.

வீட்டில், அதே அறையில், எதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு.

ஒரே அலுவலகம், ஒரே வாடகை வீடு. வேலை என்று வந்துவிட்டால் திருமாறன் தாட்சண்யம் பார்க்க மாட்டான். நிரலில் வரும் ஒவ்வொரு பெயரும் தான் எண்ணா, எழுத்தா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாததற்கு உள்ளே இடமில்லை.

அவள் பழகிய நிரல்மொழி வேறு. பெயர் வைத்தால் போதும், எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும். அது என்னவென்று ஓடும்போது தெரிந்துவிடும்.

ஓடும்போது தெரிந்து என்ன பிரயோஜனம் என்பான். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமாம்.

இன்று அவளுக்கு வேலையே ஓடவில்லை.

அவன் அம்மா ராஜபாளையத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவும் ஏறியாயிற்று. இந்த வீட்டில் இன்னொருத்தி இருப்பது அவருக்குத் தெரியாது.

குளியலறைக்குப் போய்த் தன் டூத்பிரஷ்ஷை எடுத்தாள். திரும்ப வைத்தாள். கொடியில் கிடந்த துப்பட்டாவை மடித்தாள். மடித்ததை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டே நடந்தாள்.

பயமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

அம்மா கேட்டால் என்னை யாரென்று சொல்வாய் என்று கேட்டேவிட்டாள்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வரட்டும். அப்பப் பாத்துக்கலாம்."

போதாது என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். ஒரு யோசனையும் சொன்னான். அம்மாவை ஆன்ட்டி என்று கூப்பிட்டால் போதுமாம். எதற்கும் பொருந்துமாம்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதைச் சொல்ல இவனுக்குத்தான் என்ன வாய்.

கீழே ஆட்டோ நின்றது.

படியில் செருப்புச் சத்தம். அவன் எழுந்து சட்டையைத் தேடினான்.

மணி அடித்ததும் அவள் முந்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கட்டைப் பையும் வியர்த்த முகமுமாக அவன் அம்மா. அவன் மூக்கை அப்படியே அவரிடம் பார்க்கலாம். அவர் கண்கள் அவளைப் பார்த்தன, கதவு எண்ணைப் பார்த்தன, மறுபடி அவளிடமே வந்தன.

பின்னால் அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது.

துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் பையைக் கைநீட்டி வாங்கினாள்.

"உள்ள வாங்க அத்தை."