தொண்டையில் இறங்கல

"தட்டுல ஒண்ணும் இருக்காது. ஆனா சாப்பிடணும். உங்க வீட்டுல ஒருத்தர் சாப்பிடுறதை அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றாள் நடிப்பு டீச்சர்.

"சாப்பிடக்கூடவா சொல்லித் தரணும்?" என்று எழுந்தார் லாரி டிரைவர். வகுப்பில் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது. டீச்சரைவிட இருபது வயது மூத்தவர்.

"எங்கம்மாவைச் செய்யறேன்" என்றபடி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டார். கை வாய்க்குப் போய் வந்தது. தாடை அசைந்தது. கடைசியில் இரண்டு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பதுபோல் செய்தார்.

பக்கத்தில் வந்து நின்று பார்த்த டீச்சர் உதட்டைப் பிதுக்கினாள்.

"அண்ணே, பார்க்கிறவங்களுக்கு முதுகைக் காட்டக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனே."

"அம்மா அப்படித்தான் டீச்சர். நாங்க அஞ்சு பிள்ளைங்களும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சுவரைப் பார்த்து உட்காருவாங்க. நான் பக்கத்துல படுத்துக்கிட்டு அவங்க மூஞ்சியையே பார்த்துட்டிருப்பேன்."

"சரி, அது போகட்டும். மெல்றீங்க, தொண்டையில எதுவும் இறங்கல. இது சாப்பிடுறது இல்ல. சாப்பிடுற மாதிரி நடிக்கிறதுன்னு பச்சையாத் தெரியுது."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

"இல்ல டீச்சர், நானா எதையும் சேர்க்கல. தினமும் பார்த்ததை அப்படியே..."

மடியிலிருந்த வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க அஞ்சு பேரும் நம்பிட்டோம், டீச்சர்."