வயதுக் கட்டமும் காவலாளியும்

பெனிட்டா முதன்முதலாக எழுதிய புரோகிராமில் ஒரு கட்டம் இருந்தது. காய்ச்சல்காரரின் வயதைக் கேட்டு வாங்குவது அதன் வேலை. அந்த வயதுக்கு எவ்வளவு மருந்து என்று சொல்வது உள்ளே இருந்த கணக்கின் வேலை.

வருகிறவர்களோ "ஸ்கூல் போற வயசு", "உங்களுக்கு எதுக்கு?" என்றெல்லாம் தட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் கணக்கு மயங்கி விழுந்தது. பெனிட்டா தலையில் அடித்துக்கொண்டு, கட்டத்தின் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினாள். பூஜ்யம் முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்களைத் தவிர வேறெதையும் உள்ளே விடக்கூடாது என்பது உத்தரவு.

அன்று ஒரு அம்மா வந்து "நாலரை" என்று தட்டினாள்.

"செல்லாது!" என்றான் காவலாளி.

"நாலு வருஷம் ஆறு மாசம்."

"செல்லாது!"

கட்டம் திரை வழியாக எட்டிப் பார்த்தது. "யோவ், என்ன வேணும்னு சொல்லித் தொலையேன். இடுப்புல பிள்ளை அனத்துது."

"அது என் வேலை இல்ல."

அம்மா "4.5" என்று தட்டினாள்.

"நடுவுல என்ன புள்ளி? செல்லாது!"

எரிச்சலில் அவள் அந்தப் புள்ளியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். காவலாளி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். கணக்கு மயங்கவே இல்லை. "இரண்டு பெரிய மாத்திரை" என்று கணீரென்று சொன்னது.

"அடப்பாவி, நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்காங்கய்யா!" என்று கத்தியது கட்டம்.

காவலாளி மீசையைத் தடவிக்கொண்டான். "காலையிலேருந்து இவங்க ஒருத்தங்கதான் ஒழுங்கா பதில் சொல்லியிருக்காங்க."