கரித்துண்டு

"குளுக்கோஸா? எடு வெளியே!"

வெங்கடராமன் முதுகுப்பையிலிருந்து பாக்கெட்டைப் பிடுங்கி சோபாவில் வீசினார். கடலைமிட்டாயும் பின்னாலேயே போனது.

"ஏன்னா, சந்தக்ஃபூ மலைன்னா சும்மாவா? மாத்திரை வேற சாப்பிடறேள். ஏற ஏற சுகர் இறங்கிடும்னு டாக்டர் சொன்னாரே!" என்றாள் மனைவி ஜலஜா.

"கூட வர்றதெல்லாம் ஆபீஸ் சின்னப் பசங்க. அவா முன்னாடி நான் சீக்காளின்னு காட்டிக்கணுமா? வெயிட் வேற!"

விட்டபாடில்லை. வேறெங்காவது ஒளித்திருப்பாளோ என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து தட்டில் கொட்டினார். அவல் மிக்ஸர், பருப்புப் பொடி. புளிக்காய்ச்சலில்கூட ஸ்பூன் விட்டுத் துழாவினார். சியால்தா ஸ்டேஷனுக்குப் போக டாக்ஸி வந்துகொண்டிருந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தட்டை டப்பாவைத் திறந்தவர் அப்படியே நின்றார். மேலாகவே ஒரு கரித்துண்டு, காகிதத்தில் மடித்து.

"என்னடி இது?"

"எண்ணெய்ப் பண்டம் எடுத்துண்டு காடு மலைன்னு போறேள். காத்து கருப்பு அண்டாம இருக்க வேண்டாமா?"

"ஸ்மிதா! இங்கே வந்து பாரு. பவானிபூர் ஸ்கூல்ல உங்கம்மாதான் பசங்களுக்கு கெமிஸ்ட்ரி சொல்லித்தரா!"

எட்டிப்பார்த்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எம்.எஸ்ஸி. படிச்சுட்டு இப்படியாம்மா? கேவலமா இருக்கு."

"அது பாட்டுக்கு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே..." ஜலஜா கெஞ்சினாள்.

கெஞ்சினால் மிஞ்சுகிற ரகம் அவர். கரித்துண்டைக் குப்பைக்கூடையில் போட்டார். டப்பாவை ஓங்கி மூடினார். பையின் ஜிப்பை இழுத்தார். உலகக்கோப்பையே வாங்கிவிட்டவர் மாதிரி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். கீழே ஹார்ன் சத்தம்.

"போயிட்டு வரேன்!"

கதவு சாத்தியதும்தான் சோபாவில் கிடந்த குளுக்கோஸ் ஸ்மிதாவின் கண்ணில் பட்டது.

"அம்மா! போன மாசம் மெட்ரோ படியிலேயே மயங்கி விழுந்தார். மலைமேல ஆச்சுன்னா? நீ கரியைப் பிடிச்சுண்டு தொங்கறே, இதை விட்டுட்டியே!"

பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடியவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள் ஜலஜா.

"ஓடாதே. தட்டைக்கு அடியில இன்னொரு பாக்கெட் வெச்சிருக்கேன். ரயில் நகர்ந்ததும் போன்ல சொல்லிடுவேன்."

"எல்லா டப்பாவையும் கொட்டிப் பார்த்தாரே! அது மட்டும் எப்படித் தப்பிச்சது?"

ஜலஜா குப்பைக்கூடையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அந்தக் கரியைத் தூக்கிப் போட்டதுமே ஜெயிச்சுட்டோம்னு டப்பாவை மூடிடுவார்னு எனக்குத் தெரியாதா?"