உம் கொட்டாத இடம்

தன் வாழ்க்கையைப் புத்தகமாக்க வந்த எழுத்தாளர்களை ஜவுளிக்கடை சேர்மக்கனி லேசில் நம்பவில்லை. கதை சொல்லும்போதே நடுவில் ஒரு பொய்யை நுழைத்துவிடுவாள். அதற்கும் உம் கொட்டியவர்களைக் காபி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அவள் பிறந்த ஊர்ப் பெரியவர்களிடம் முன்பே விசாரித்துவிட்டு வந்த இசக்கிராஜ் மட்டும் மாட்டவில்லை. பதினாறு வயதில் தனியாகத் தோணியேறிக் கொழும்புக்குப் போனேன் என்று அவள் அளந்தபோது, அதுவரை உம் கொட்டிக்கொண்டிருந்தவன் வாயே திறக்கவில்லை. இவன்தான் ஆள் என்று மனம் குளிர்ந்து, பொய் கலக்காமல் ஆரம்பத்திலிருந்து சொன்னாள்.

"என்னைப் பெத்த கையோட எங்கம்மா கண்ண மூடிட்டா."

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு முறை உரக்கச் சொன்னாள். அவன் பேனாவை மூடிவைத்தான்; தலை நிமிரவில்லை.

"இது பொய்யில்ல தம்பி," என்றாள். "என்னைப் பெத்த எங்கய்யா வாயால சொன்னது. நீ ஏன் உம் கொட்டல?"