அவிழ்ந்த லேஸ்

வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அந்தச் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டுக்கொள்ள முடியும். விட்டதும் எதை உற்றுப் பார்க்கிறோமோ, அதன் சாயல் கண்ணை விட்டுப் போகவே போகாது. இறந்துபோன மகள் ஆதிரை பள்ளிச் சீருடையில் நிற்கும் படத்தை ஹரிணிக்கு எதிரே வைத்த நர்ஸ், “மூக்கு மேல ஒரு புள்ளி இருக்கும்மா. அதை மட்டும் பாருங்க, கண்ணு அசையக் கூடாது” என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

படத்தில் ஆதிரையின் ஷூ லேஸ் அவிழ்ந்து கிடந்தது. பெற்றவளின் கண் அங்கேயே நின்றுவிட்டது.

“பாப்பா முகம் தெரியுதா?” என்று வீட்டில் கணவன் பிரசன்னா கேட்டான்.

“மேலதான் இருக்கு, பிரசன்னா. நிமிர்ந்து பாத்தா அதுவும் மேல போயிடுது.”

சுவரில், கூரையில், வானத்தில் என்று துரத்திப் பார்த்தாள். கண் நின்ற இடத்திலெல்லாம் அந்த ஷூதான் நின்றது; தூரத்து வானத்தில் பெரிதாக, கிட்டத்துச் சுவரில் சிறிதாக.

கடைசியில் சுவரெதிரே மண்டியிட்டாள்.

“ஓடாதடி, நில்லு. அம்மா கட்டிவிடறேன்” என்று கெஞ்சிக்கொண்டே நெருங்கினாள். நெருங்க நெருங்க ஷூ சிறுத்தது. விரல் சுவரைத் தொட்டபோது அது அவள் நகத்தளவுகூட இல்லை.