தொண்ணூற்றெட்டே போதும்

செல்வகணேஷ் அறைக்குள் நுழைந்தபோது மானிட்டர் அணைந்திருந்தது. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கீபோர்டு படபடவென்று ஓடிய சத்தம் அவனுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

போன இரண்டு தடவையும் இதே கதைதான். ஆள் வருகிற அரவம் கேட்டதும் ஸ்கிரீனை அணைத்துவிடுகிறாள், என்னவோ மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"வாங்கோ அண்ணா" என்றாள் விஷ்ணுப்ரியா, ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் தள்ளிவிட்டு. தலை நிமிரவில்லை. கரமனை அக்ரஹாரத்துப் பெண், கூச்சம் போல.

அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. கழக்கூட்டத்துக் கம்பெனி ஒன்று அதை வீட்டிலிருந்தே செய்ய விட்டிருந்தது. இப்போது கம்பெனி புது சாஃப்ட்வேருக்கு மாறுகிறது. அது விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும், பழைய விண்டோஸ் தொண்ணூற்றெட்டில் ஓடாது. வீட்டிலிருந்து வேலை செய்கிற நாற்பது பேரின் கம்ப்யூட்டரையும் மாற்றிக் கொடுக்கச் சொல்லி அவனை அனுப்பியிருந்தார்கள். முப்பத்தொன்பது முடிந்துவிட்டது.

"இன்னிக்குத்தான் கடைசி மேடம். அஞ்சு மணிக்குள்ள புதுசுல லாகின் பண்ணலேன்னா லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துருவாங்க."

"எனக்குத் தொண்ணூத்தெட்டே போதும் அண்ணா. என் வேலையிலே ஒரு தப்பு வந்ததுண்டா?"

"யாரு சொன்னா? நம்பர் ஒண்ணு நீங்கதான்னு மேனேஜர் பிரஜின் சாரே சொல்லுவாரு. ஆனா ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"ரெண்டும் இருக்கட்டுமே. பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம்."

"நாலு ஜிபி டிஸ்க்கு மேடம். ஒண்ணுக்கே மூச்சு முட்டும். எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் போடணும்."

நிலைப்படியில் நின்றிருந்த அவள் அப்பா ராமசுப்ரமணியன் மேல்துண்டின் முனையைத் திருகிக்கொண்டே இருந்தார். "தம்பி, அதிலே வேறே ஒரு சாஃப்ட்வேர் கிடக்கு. புதுசு போட்டா அதுவும் ஓடுமோ?"

"பேரு சொல்லுங்க சார், பாத்துச் சொல்லுதேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் குறுக்கிட்டாள். "அப்பா, வேண்டாம். அவர் கம்பெனி ஆள்."

செல்வகணேஷுக்குப் பாவமாகிவிட்டது. இந்த வயசில் கம்ப்யூட்டரில் மறைத்து வைக்க என்ன இருக்கும்? ஏதோ சாட்டிங், யாரோ ஒரு பையன். குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், லெட்டர், போட்டோ ஏதாவது இருந்தா சிடியில எழுதித் தந்துருதேன். சத்தியமா திறந்து பாக்கமாட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். மூன்று தடவையில் அதுதான் முதல் சிரிப்பு. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை அண்ணா."

செல்போன் அடித்தது. "எடா, தீர்ந்தோ?" என்றார் பிரஜின், மலையாளம் கலந்த தமிழில். "இல்லேங்கில் அந்தக் குட்டியோட பேரை வெட்டிட்டு நீ திரும்பிப் போந்நோளு."

கூப்பாடு அறை முழுக்கக் கேட்டது. விஷ்ணுப்ரியாவின் விரல்கள் கீபோர்டின் மேல் சும்மா கிடந்தன.

"போட்டாலும் போச்சு, போடலேன்னாலும் போச்சு" என்றாள் மெதுவாக.

"போட்டா என்ன மேடம் போகும்? கலரெல்லாம் அவ்வளவு நல்லா இருக்கும்."

ராமசுப்ரமணியன் மகள் பக்கத்தில் வந்து நின்றார். "வேறே வேலை பாத்துக்கலாம்டி, வேண்டாம்" என்று சொல்ல வந்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். வேறே வேலை தேடி ஏறி இறங்கிய படிகள் அவருக்குத்தான் தெரியும்.

"போடுங்கோ" என்றாள் அவள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ராமசுப்ரமணியன் அடுக்களைக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"அழிச்சாச்சோ?"

"அப்பவே அழிச்சாச்சு சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பழைய விண்டோஸுக்கு இத்தனை துக்கம் கொண்டாடுகிற வீட்டை செல்வகணேஷ் பார்த்ததில்லை.

கடைசியில் ஸ்கிரீன் முழுக்கப் பச்சைக் குன்றும் நீல வானமும் விரிந்தன. "எப்படி இருக்கு மேடம்?" என்றான் பெருமையாக.

"ம்" என்றாள். மேஜை டிராயரிலிருந்து பேர் எழுதாத சிடி ஒன்றை எடுத்தாள். "லாகின் பண்றதுக்கு முன்னாடி இதைப் போட்டுப் பாக்கட்டுமா?"

"உங்க கம்ப்யூட்டர், உங்க இஷ்டம்."

சிடியைப் போட்டு, மவுஸைத் தொடாமல் நாலைந்து கீகளைத் தட்டினாள். ஹெட்ஃபோனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் சிடி சுற்றியது. பிறகு நின்றது. ஸ்கிரீன் நடுவில் ஒரு பெட்டி வந்தது. இந்த புரோகிராம் இந்த விண்டோஸில் ஓடாது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே 'ஓகே' என்று ஒரே ஒரு பட்டன்.

அவன் எதிர்பார்த்ததுதான். அவள் ஓகே கொடுப்பாள், லாகின் செய்வாள், தானும் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தான்.

அவள் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். பெட்டி அப்படியே நின்றது. மணி ஐந்தாகப் பத்து நிமிடம். செல்போன் மறுபடி அடித்தது, அவன் எடுக்கவில்லை. ராமசுப்ரமணியன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன மேடம்? சத்தம் ஏதும் வரணுமா?"

விஷ்ணுப்ரியா ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் குரல் வந்த பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"எப்பவும் அதுதான் எனக்கு வாசிச்சுச் சொல்லும், இப்போ பேசலை. அண்ணா, ஸ்கிரீன்லே என்ன எழுதியிருக்குன்னு எனக்குக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்றேளா?"