ஆமை ஓட்டு நகம்

காப்பி பொங்கி வழிந்ததுகூட நொயேலியாவுக்குத் தெரியவில்லை. காதெல்லாம் கூடத்தில்தான் இருந்தது.

"உங்க வம்சத்துல ஆமை ஓடு மாதிரி நகம் வளருதே, அதுக்குக் காரணமான மரபணு கிடைச்சிருச்சு, கசிமிரோ," என்றார் டாக்டரம்மா. "அது எல்லாப் பிள்ளைக்கும் போகாது. நல்ல நகத்தோட பொறந்ததால சின்னவ உங்க மக இல்லைன்னு ஆகாது."

இத்தனை வருஷமும் சந்தேகப்பட்டு மனைவியை வறுத்தெடுத்த கசிமிரோ உடைந்து அழுதான். "மன்னிச்சிரு, நொயேலியா! மூத்தவன் நகத்தைப் பாத்ததுமே என் ரத்தம்னு நம்பினேன். சின்னவளைத்தான்..."

"சரி, விடு," என்றவள் மிச்சக் காப்பியைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அங்கே டோமினோ காய்களை உருட்டிக்கொண்டிருந்தான் கசிமிரோவின் தம்பி ஒதிலியோ, மூத்தவனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். கோப்பையை வாங்கிய விரல்களிலும் அதே ஆமை ஓடு.

"நம்ம பையனைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கிசுகிசுத்தான்.

"இல்ல. நகத்தை மட்டும்தான் பாத்திருக்காங்க."